பச்சைக்குடை பன்னிரண்டு

என் சித்தியை அந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவள் டைப்பக்கா. பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்க் கட்டிடத்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஒற்றை அறைதான் அவள் கடை. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு நாற்காலி. படிக்கட்டு சரிந்து இறங்குவதால் ஒரு பக்கம் தலை இடிக்கும். அதனால் வருகிறவர்களின் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத்தான் போட முடிந்தது. அவர்கள் சுவரிடம் சொல்வார்கள். சித்தி திரையைப் பார்த்து அடிப்பாள். இடம் போதாமல் செய்த ஏற்பாடுதான். ஆனால் முகத்துக்கு முகம் இல்லாமல் உட்கார வைத்தால் மனிதர்கள் நிதானமாக உண்மை பேசுகிறார்கள் என்று இரண்டே மாதத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு மேல்மாடியில் பெரிய அறை காலியானபோது, கட்டிடக்காரர் கூப்பிட்டுக் கொடுத்தும் அவள் போகவில்லை.

பதினெட்டு வயதில் டைப்ரைட்டிங் பள்ளியில் சேர்ந்தாள். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய இடது சுண்டுவிரல் மடங்காது. "ஒன்பது விரலை வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப்போற?" என்று கேட்ட மாஸ்டரே, அவள் தட்டச்சு உயர்நிலைத் தேர்வில் முதல் வகுப்பில் தேறியதும் தெரிந்தவர்களிடம் சொல்லி ஒரு வக்கீல் அலுவலகத்தில் சேர்த்துவிட்டார். அங்கே பதினோரு வருஷம். ஒரு நாள் வக்கீல், கட்சிக்காரப் பெண் ஒருத்தி எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை அறை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். ஏற்ற இறக்கத்தோடு, நடித்துக் காட்டி வாசித்தார். ஜூனியர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சித்தி தட்டச்சு இயந்திரத்துக்கு உறை போட்டாள், பையை எடுத்தாள், வெளியே வந்துவிட்டாள். மாதச் சம்பளத்தை வாங்கக்கூடத் திரும்பிப் போகவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த மாடிப்படிக் கடை.

மனு, முறையீடு, வேலை விண்ணப்பம், வீட்டு உரிமையாளருக்குக் கெஞ்சல், மகனுக்குத் திட்டு, காதலிக்கு மன்னிப்பு என்று இருபத்திரண்டு வருஷமாக ஊர் சொன்னதையெல்லாம் அடித்திருக்கிறாள். "கல்யாணம் பண்ணிக்கலையா டைப்பக்கா?" என்று கேட்பவர்களுக்கு அவளிடம் தயாராக ஒரு பதில் உண்டு. "ஒரு நாளைக்கு மூணு விவாகரத்து மனு அடிக்கிறேன். எனக்கு ஆசை வர நேரம் கொடுத்தாதானே?"

கோப்புகளுக்கு அவள் யார் பெயரையும் வைக்கமாட்டாள். ஆள் உள்ளே நுழையும்போது கண்ணில் பட்ட ஏதோ ஒன்றுதான் பெயர். இருமிக்கொண்டே வந்தவர் 'இருமல்'. கால் மாற்றிச் செருப்புப் போட்டு வந்தவர் 'செருப்புமாறி'. ஒரு காதில் மட்டும் கம்மல் இருந்த பெண் 'ஒத்தைக்கம்மல்'. பெயர் தெரியாமல் இருப்பதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு என்பது அவள் கணக்கு. எதையும் அழிப்பதும் இல்லை. "அதே கடிதம்தான் அக்கா, தேதியை மட்டும் மாத்துங்க" என்று யாராவது திரும்பி வருவார்களே.

கம்ப்யூட்டர் வேலைகளில் நாலு வருஷம் ஊர் ஊராக அலைந்துவிட்டு நான் திரும்பியபோது சித்தி புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தாள். எல்லா விண்ணப்பமும் இணையத்துக்குப் போய்விட்டதால் கூட்டம் குறையவில்லை, இரண்டு மடங்கானது. பழையது அந்த வேகத்துக்கு மூச்சு வாங்கியது. படிப்பகத்தில் பிள்ளைகள் பழகட்டும் என்று அதன் பொறுப்பாளர் கேட்டிருந்தார். திங்கட்கிழமை காலை அவரே வண்டியோடு வந்து, தொட்டில் குழந்தையைத் தூக்குவதுபோல அணைத்து எடுத்துப் போனார். ஊரில் அவரோடு பத்து நிமிஷம் பேசாமல் யாரும் தெருவைக் கடக்க முடியாது. அவ்வளவு நல்ல மனிதர், அவ்வளவு பேச்சு.

அன்று நண்பகலில் புதுக் கம்ப்யூட்டருக்கு ஒயர் மாட்டுவதற்காக நான் மேசைக்கு அடியில் கிடந்தேன். வாசலில் ஒரு பெண் குரல் கேட்டது.

"அக்கா, பழைய கம்ப்யூட்டர் எங்க?"

"காலைலயே படிப்பகத்துக்குப் போயாச்சும்மா. ஏன்?"

மேசைக் கால்களுக்கு நடுவே எனக்குத் தெரிந்தது ஒரு சேலை விளிம்பும், தரையில் ஊன்றிய பச்சைக் குடையும்தான்.

"அதை வாங்கிட்டுப் போனவர் என் வீட்டுக்காரர் அக்கா."

சித்தியின் நாற்காலி கிறீச்சிட்டு நின்றது. "நீ சொன்னதே இல்லையேம்மா."

"சொல்ல வேண்டாம்னுதானே, யார் எவர்னு கேட்காத உங்ககிட்ட வந்தேன். கடிதத்துலகூட அவர் பேரைப் போடாம, 'உங்களுக்கு'ன்னுதானே ஆரம்பிச்சேன்." குரல் இன்னும் தாழ்ந்தது. "வீட்டை விட்டுப் போறேன்னு வருஷா வருஷம் தேதியை மாத்தி வாங்கிட்டுப் போறேன். வீட்டுக்குப் போற வழியிலயே கிழிச்சுப் போட்டுடறேன். போகலாமா, இருக்கலாமான்னு இன்னும் எனக்கே முடிவாகல. அது இப்படி அவர் கையில போய் விழுந்தா, நான் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள எல்லாமே முடிஞ்சு போயிடும்."

"கவலைப்படாதே. எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் கொடுத்தேன்."

"சத்தியமா?"

"நான் எதுக்கு உன்கிட்ட பொய் சொல்லப்போறேன்? நிம்மதியா போம்மா."

குடை நகர்ந்தது. நான் தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தேன்.

"எப்படி அழிச்சீங்க சித்தி?"

"ஃபான்டைத் தூக்கிட்டேன்" என்றாள், பெருமையாக.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சித்தி அடித்ததெல்லாம் பழைய காலத்துத் தமிழ் எழுத்துருவில். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறையை வைத்திருந்த காலம் அது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் 'அன்புள்ள' என்பது தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த வேற்று எழுத்தாகத் தெரியும். சித்தி இதை ஆயிரம் முறை பார்த்தவள். அச்சகத்துக்கு அனுப்பிய கோப்பு, "அக்கா, எல்லாம் ஜிலேபியா வந்திருக்கு" என்று திரும்பி வந்த நாட்கள் எத்தனையோ. எழுத்துரு போனால் எழுத்தே போய்விடும் என்று அவள் நம்பியதில் ஆச்சரியம் இல்லை.

"நாற்பதாயிரம் ஃபைல்டீ. ஒவ்வொண்ணா அழிக்க மனசு வரல. அவங்க சொன்னதை அழிக்க நான் யாரு? அதான் கதவைப் பூட்டி சாவியைத் தூக்கிப் போட்டுட்டேன்."

"அந்த சாவி தெருவுக்குத் தெரு கிடைக்குது சித்தி."

"உளறாதே. ஊரெல்லாம் சுத்திட்டு வந்தா எல்லாம் தெரிஞ்சிடுமா?"

வாயால் சொல்லிப் பயனில்லை. மேசை இழுப்பறையில் கிடந்த பழைய பென்டிரைவில் ஒரு கோப்பு இருந்தது. புதுக் கம்ப்யூட்டரில் திறந்தேன். திரை முழுக்கக் கொம்பும் வாலும்.

"பார்த்தியா?" என்றாள் சித்தி.

எழுத்துரு போனாலும் அதன் பெயர் கோப்பிலேயே இருந்தது. அந்தப் பெயரை இணையத்தில் தேடினேன். இலவசம். இரண்டு நிமிஷம் ஆகவில்லை. கொம்புகள் உதிர்ந்து வரிகள் எழுந்து நின்றன. 'வீடு வாடகைக்கு. தண்ணீர் வசதி உண்டு. நாய் வளர்ப்பவர்கள் மன்னிக்கவும்.'

சித்தி அந்த மூன்று வரிகளையும் வெகுநேரம் பார்த்தாள். சுண்டுவிரல் மட்டும் நீட்டியபடி இருக்க, மற்ற விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

"அப்ப நான் அந்தப் பொண்ணுகிட்ட பொய்தானே சொல்லியிருக்கேன்" என்றாள்.

வாசலில் மூன்று பேர் காத்திருந்தார்கள். "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டினாள். நான் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் வட்டை முழுக்கத் துடைக்கும் நிரலை ஒரு பென்டிரைவில் ஏற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்னால் அவள் வெயிலில் போய்க்கொண்டிருந்தாள்.

படிப்பகம் தபால் நிலையத்துக்கு மேல்மாடியில். நீண்ட மேசையில் நாளிதழ்கள், கண்ணாடி அலமாரிகள், சத்தம் போடும் மின்விசிறி. அந்த நேரத்தில் வாசகர் யாருமில்லை. ஜன்னலோரம் கம்ப்யூட்டருக்கு முன்னால் பொறுப்பாளர் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கக்கா, வாங்க! இது கம்ப்யூட்டரா, கருவூலமா? உள்ளே நாற்பதாயிரம் ஃபைல் இருக்கு. மறந்துட்டீங்களா? திறந்தா ஒண்ணும் புரியல. மெக்கானிக்குக்கு போன் போட்டேன். ஃபான்ட் பேர் தெரிஞ்சா போதுமாம், நாலு மணிக்கு வந்து ஏத்தித் தர்றேன்னார்." ஒரு துண்டுச் சீட்டைக் காட்டினார். எழுத்துருவின் பெயரை அழகான கையெழுத்தில் குறித்து வைத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றே கால்.

"ஆனா பேரெல்லாம் பிரமாதம்! இருமல், செருப்புமாறி, ஒத்தைக்கம்மல்..." விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு வாசித்தார். "பச்சைக்குடை ஒண்ணு, ரெண்டு, மூணு... பன்னிரண்டு வரைக்கும் போகுதே! எங்க வீட்டுலகூட ஒரு பச்சைக்குடை இருக்கு அக்கா." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

வைரஸ் என்று சொல்லலாம், தவறிக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றெல்லாம் எனக்குள் ஓடியது. சித்தி நேராக அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"சார், தப்பு என்னோடது. அதுல இருக்கறது ஜனங்க என்னை நம்பிச் சொன்னது. அழிச்சுட்டுக் கொடுத்திருக்கணும். அழிச்சதா நினைச்சேன், அழியல. இப்ப அழிக்கணும்."

"அழிக்கறதா?" அவர் பதறிப்போனார். "இருபது வருஷத்து ஊரே இதுக்குள்ள இருக்கு! நாளைக்கு வரலாறு எழுதறவனுக்கு இதைவிட என்ன வேணும்? படிப்பகத்துல இருந்தா பத்திரம்கா."

"வரலாறு வேணும்னா ராஜாக்கள் எழுதின கடுதாசியைப் படிக்கட்டும். இதைச் சொன்னவங்க இன்னும் தெருவுல நடமாடிக்கிட்டிருக்காங்க சார். நாளைக்கு காய் வாங்கப் போகணும், பேங்குல வரிசையில நிக்கணும்."

அவர் வாதாடத்தான் பார்த்தார். ஆனால் அலமாரிகளுக்கு நடுவே வாழ்கிற மனிதருக்கு நாணயம் உண்டு. கடைசியில் துண்டுச் சீட்டை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "சரி. ஃபார்மட் பண்ணிட்டா போதுமா?" என்று என்னைக் கேட்டார்.

"சாதாரணமா ஃபார்மட் பண்றது, புத்தகத்துல பொருளடக்கத்தை மட்டும் கிழிக்கிற மாதிரி சார். பக்கமெல்லாம் அப்படியேதான் இருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கு மேலயும் திரும்ப எழுதி மூடணும்."

"எதை எழுதி?"

"சுழியம். வெறும் சுழியம்."

பென்டிரைவைச் செருகி, கம்ப்யூட்டரை அதிலிருந்தே இயங்க வைத்தேன். இந்த வட்டுதானா, முழுக்க அழிக்கலாமா என்று இரண்டு முறை கேட்டது. சித்தி தலையசைத்தாள். கறுப்புத் திரையில் ஒரு கோடு நகரத் தொடங்கியது. ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று காட்டியது.

முதலில் அவர் பேசிக்கொண்டே இருந்தார். படிப்பகக் கூரை ஒழுகும் கதை, புத்தகத்தைத் திருப்பித் தராத ஆசிரியரின் கதை. பத்து சதவீதம், இருபது சதவீதம். பிறகு பேச்சில் இடைவெளி விழுந்தது. மின்விசிறியின் சத்தம் பெரிதாகக் கேட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"அந்தப் பன்னிரண்டு ஃபைலுக்குப் பக்கத்துலயும் தேதி இருந்தது" என்றார். "வருஷத்துக்கு ஒண்ணு. எல்லாம் ஒரே வாரம்."

சித்தி மேசையில் கிடந்த நாளிதழை மடித்து வைத்தாள்.

"அது எங்க கல்யாண நாள் வர்ற வாரம் அக்கா."

"என் கடைக்கு வர்றவங்க முகத்தை நான் பார்க்கறதில்ல சார்."

"குடையைப் பார்த்திருக்கீங்களே."

சித்தி திரையில் நகரும் கோட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளை எதுவும் சொல்லிச் சமாளிக்க முடியாதவளாக நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். யார் என்று தெரியக்கூடாது என்று அவள் வைத்த பெயர்தான் ஆளைக் காட்டிக்கொடுத்திருந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். "இதை நடுவுல நிறுத்த முடியுமா?"

"முடியும்."

"நிறுத்தினா, இன்னும் அழியாம இருக்கறதைப் படிக்க முடியுமா?"

முப்பத்தெட்டு சதவீதம். தெரிந்தவர் கையில் கொடுத்தால் மிச்சத்தில் ஏதேனும் மீளக்கூடும். நான் சித்தியைப் பார்த்தேன்.

"கம்ப்யூட்டர் உங்களோடது சார்" என்றாள் அவள். "நிறுத்தச் சொன்னா இவ நிறுத்திடுவா. ஆனா உள்ளே இருக்கறது உங்களோடது இல்ல. உங்களுக்கே எழுதினதா இருந்தாலும், கையில கொடுக்கிற வரைக்கும் அது எழுதினவங்களோடதுதான்."

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கீழே தெருவில் யாரோ அவரைப் பார்த்துக் கை ஆட்டியிருக்க வேண்டும். பழக்கத்தில் இவரும் கை ஆட்டினார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்பத்தொன்று.

"ஓடட்டும்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "அவங்களுக்கு அது திரும்ப வேணும்னா என்ன செய்வாங்க?" என்று கேட்டார். யார் என்று அவரும் சொல்லவில்லை.

"முதல்லேர்ந்து சொல்லணும் சார். என்கிட்டதான் வந்து சொல்லணும்னு இல்ல."

படிப்பகம் மாலை ஏழு மணி வரை. பதினாறு வருஷத்தில் அதை ஒரு நாளும் அவர் முன்னதாக மூடியதில்லை என்று சித்தி பிறகு சொன்னாள். அன்று இரண்டரை மணிக்குச் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். "முடிஞ்சதும் பூட்டிட்டு கீழே தபால்காரர்கிட்ட கொடுத்துடுங்க. மெக்கானிக்கை நாளைக்கு வரச் சொல்றேன்." படியில் அவர் இறங்கும் சத்தம் பாதி வழியில் நின்றது. பிறகு மறுபடி இறங்கியது.

நூறு சதவீதம் ஆனதும் சித்தி கேட்டாள், "இப்ப நிஜமாவே ஒண்ணும் இல்லையா?" வட்டின் அங்கங்கே திறந்து காட்டினேன். தொடக்கம், நடு, கடைசி. எங்கே பார்த்தாலும் சுழியம். அடித்த கடிதத்தில் பிழை பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். "தேவையா சித்தி? இப்பதான் அழிஞ்சிடுச்சே" என்று வழியில் கேட்டேன்.

"நேத்து நான் 'அழிச்சாச்சு'ன்னு சொன்னப்ப அது அழியல. நம்பிட்டுப் போனா. அதை அப்படியே விட்டுட்டு இன்னொருத்தர் என் எதிர்ல உட்கார்ந்து எப்படிடீ பேசுவாங்க?"

அந்தப் பெண் பின்வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கணவர் படிப்பகத்துக்குக் கிளம்பிவிட்டார். சித்தி ஒன்றையும் மறைக்கவில்லை. எழுத்துருவைச் சொன்னாள், படிப்பகத்துக்கு ஓடியதைச் சொன்னாள், சுழியத்தைச் சொன்னாள். கடைசியில், "கடிதத்துல ஒரு எழுத்தைக்கூட அவர் படிக்கல. ஆனா நான் வச்ச பேரைப் பார்த்துட்டார். தேதியையும் பார்த்துட்டார். அதை என்னால அழிக்க முடியலம்மா" என்றாள்.

ஈரத் துண்டைப் பிழிந்தபடி அவள் நின்றாள். தண்ணீர் முழுக்க வடிந்த பிறகும் பிழிந்தாள்.

"அதான் நேத்து மூணு மணிக்கே வந்துட்டாரா?"

"என் மேல கோபம் இருந்தா திட்டிடு."

"இருக்கு அக்கா. இருக்கத்தான் செய்யுது." துண்டை உதறிக் கொடியில் போட்டாள். "ஊரே அவர்கிட்ட பேசறதுக்கு நிக்கும். வீட்டுக்கு வந்தா செருப்பைக் கழட்டற மாதிரி பேச்சையும் கழட்டி வெளியே விட்டுட்டு வருவார். உப்பு போதுமான்னு கேட்டாகூட தலையை மட்டும்தான் ஆட்டுவார். என்னை ஒண்ணுமே கேட்டதில்ல. அந்தக் கடிதம் முழுக்க அதேதான். நாலு பக்கத்துக்கு வேற வேற மாதிரி சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்."

யாரிடமும் எதையும் கேட்காத என் சித்தி கேட்டாள், "நேத்து கேட்டாரா?"

"கேட்டார். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துட்டு, 'உனக்கு என்ன வேணும்?'னார். கடைக்குக் கிளம்பறவர் கேட்கிற மாதிரி." அவள் சிரிக்கப் பார்த்தாள். "பன்னிரண்டு தடவை எழுதியிருக்கேனே அக்கா, வாயைத் திறந்தா ஒரு வார்த்தை வரல. யோசிச்சு சொல்றேன்னுட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"'சரி, இருக்கேன்'னார். பத்து மணி வரைக்கும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். இன்னைக்கும் சீக்கிரம் வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கார்." கூடையிலிருந்து அடுத்த துணியை எடுத்தாள். "அதுக்குள்ள நான் என்ன சொல்லணும்னு யோசிக்கணும். நீங்க கிளம்புங்கக்கா, கடையில ஆள் நிப்பாங்க."